செருப்புத் தைத்தவரின் தோட்டம்



ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ பேர்ணாம்பட்டிலோ காலை வேளையில் தெருமுனையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஷூ கம்பெனிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வேனும் பஸ்ஸும் வரிசையாகப் போகும். கையில் சாப்பாட்டுப் பையோடு அம்மாக்களும் அக்காக்களும் ஓட்டமும் நடையுமாக வந்து ஏறுவார்கள். தோல் வெட்டுவது, ஓரம் தைப்பது, அடிப்பாகம் ஒட்டுவது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. நம் ஊர்க்காரர்கள் செய்த ஷூ கடல் கடந்து பல நாடுகளுக்குப் போகிறது. நமக்கெல்லாம் இது பெருமைதானே?

இன்று நான் சொல்லப்போவது, கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்த ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியின் கதை. அவர் பெயர் வில்லியம் கேரி.

கதைக்குப் போவதற்கு முன், நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பள்ளிக்குத் தாமதமாக வருகிற பிள்ளைகளுக்கு ஒரு தண்டனை வைத்திருந்தேன். வேப்ப மரத்தடியைப் பெருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுமி அடிக்கடி தாமதமாக வருவாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முகம் சுளிக்காமல் பெருக்குவாள். சருகையெல்லாம் கூட்டி மரத்தின் வேரடியிலேயே குவித்துவிடுவாள். ஒருநாள் அவள் என்னிடம் வந்து, தினமும் விடியற்காலையில் வீட்டு வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் வருவதாகச் சொன்னாள். அம்மா வேலைக்குப் போய்விடுவதால் அது அவளுடைய வேலையாம். வீட்டில் நல்ல வேலையாக இருப்பது பள்ளியில் மட்டும் எப்படித் தண்டனை ஆகும் என்று வெகுளியாகக் கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பிறகு வில்லியம் கேரியின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் அந்தப் பதில் எனக்குக் கிடைத்தது. சரி, கதைக்கு வருவோம்.

வெயில் ஆகாத பையன்

வில்லியம் கேரி 1761ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் தேதி இங்கிலாந்தில் பாலர்ஸ்பரி என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா கைத்தறி நெசவாளர். பிறகு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே ஆசிரியரானார். குடும்பத்தில் வசதி கிடையாது.

வில்லியமின் அப்பாவுடன் பிறந்தவர் ஒருவர் கனடா நாட்டிலிருந்து திரும்பி வந்திருந்தார். அவர் தோட்ட வேலை தெரிந்தவர். அவரோடு சுற்றிச் சுற்றித்தான் வில்லியமுக்குச் செடி கொடிகள்மேல் ஆசை வந்தது. வீட்டில் அவர் படுக்கும் அறை முழுவதும் பூச்சிகளும் பறவைகளும் செடிகளும்தான்! எந்தப் பூச்சி எப்படி வளர்கிறது என்று நாள்தோறும் கவனிப்பார்.

பெரியவனானதும் வயல் வேலைக்கோ தோட்ட வேலைக்கோ போகலாம் என்றால், அதற்கும் வழியில்லை. அவருக்குத் தோலில் ஒரு நோய் இருந்தது. வெயில் பட்டால் உடம்பு தாங்காது. நிழலில் உட்கார்ந்து செய்கிற தொழிலாக இருக்க வேண்டும் என்று யோசித்து, பதினான்கு வயதில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் வேலை பழக அனுப்பினார்கள்.

குத்தூசியும் புத்தகமும்

தோலை வெட்டி, துளையிட்டு, நூல் கோத்துத் தைக்கிற வேலையை வில்லியம் கற்றுக்கொண்டார். அந்தப் பட்டறையில் ஒரு பழைய புத்தகம் கிடந்தது. அதில் நடுநடுவே புரியாத எழுத்துகள். அவை கிரேக்க எழுத்துகள். அவற்றைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டு, படித்த ஒருவரிடம் போய்ப் பொருள் கேட்டு வந்தார். அப்படித் தொடங்கிய படிப்பு நிற்கவே இல்லை. லத்தீன், கிரேக்கம், எபிரேயம் என்று ஒவ்வொரு மொழியாகக் கற்றார். கை செருப்புத் தைக்கும். கண் பக்கத்தில் விரித்து வைத்த புத்தகத்தைப் படிக்கும்.

பிறகு மோல்ட்டன் என்ற ஊரில் பள்ளி ஆசிரியராகவும் சிறிய தேவாலயம் ஒன்றின் போதகராகவும் இருந்தார். அந்த வருமானம் குடும்பத்துக்குப் போதாது. அதனால் செருப்புத் தைப்பதையும் விடவில்லை. பட்டறைச் சுவரில் தானே வரைந்த பெரிய உலகப் படம் ஒன்றை ஒட்டியிருந்தார். எந்த நாட்டில் எத்தனை மக்கள், என்ன மொழி, என்ன சமயம் என்று அதில் குறித்து வைப்பார். பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லித்தர, தோல் துண்டுகளைத் தைத்து ஓர் உலக உருண்டையே செய்தார் என்றும் சொல்வார்கள்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த ஒரு சம்பவத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேரி இந்தியாவில் பெரிய பேராசிரியராகிவிட்ட காலம். கவர்னர் ஜெனரல் கொடுத்த விருந்துக்குப் போயிருந்தார். அங்கே வந்திருந்த ராணுவ அதிகாரி ஒருவர், கேரி ஒரு காலத்தில் ஷூ செய்கிறவர்தானே என்று ஏளனமாக இன்னொருவரிடம் விசாரித்தார். கேரியின் காதில் அது விழுந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. புதிய ஷூ செய்கிற அளவுக்குத் தான் பெரிய ஆள் இல்லை, பழைய ஷூவுக்குத் தையல் போட்டுக் கொடுத்தவன்தான் என்று அமைதியாகத் திருத்திச் சொன்னார். எந்தத் தொழிலையும் தாழ்வாக நினைக்காதவர் அவர்.

வங்க மண்ணில்

கிறிஸ்தவ சமயத்தைப் பரப்பும் பணிக்காக 1793ஆம் ஆண்டு கேரி இந்தியாவுக்குப் புறப்பட்டார். மனைவி டாரதி, பிள்ளைகள், மனைவியின் தங்கை எல்லாரும் உடன் வந்தார்கள். அப்போது இந்தியாவில் அதிகாரம் செலுத்திய ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இத்தகைய பணியாளர்களை விரும்பவில்லை. அதனால் டென்மார்க் நாட்டுக் கப்பலில் ஏறி, அந்த ஆண்டு நவம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள்.

வந்ததும் கஷ்டங்கள் வரிசை கட்டின. கையில் பணமில்லை. சுந்தரவனக் காட்டுப் பகுதியில் நிலத்தைத் திருத்திப் பயிர் வைத்தார். வெயிலுக்கு ஆகாது என்று வீட்டுக்குள் உட்கார வைக்கப்பட்ட அதே பையன், வங்காளத்து வெயிலில் மண்ணைக் கொத்தினார்! பிறகு முட்னாபட்டி என்ற ஊரில் அவுரிச் சாயத் தொழிற்சாலை ஒன்றின் மேலாளரானார். அங்கே அவருடைய ஐந்து வயது மகன் பீட்டர் 1794இல் நோயுற்று இறந்துபோனான். அந்தத் துக்கத்தில் டாரதி அம்மையாரின் மனநலம் கெட்டது. 1807இல் இறக்கும்வரை அவர் குணமாகவே இல்லை. ஊர் பேர் தெரியாத நாட்டில் அந்த அம்மா பட்ட வேதனையையும் நாம் மறக்கக் கூடாது.

அத்தனை துன்பத்திலும் கேரி இங்கிலாந்து நண்பர்களுக்குக் கடிதம் எழுதி என்ன கேட்டார் தெரியுமா? பட்டுத் துணியா? பணமா? இல்லை. அரிவாள் முதலிய விவசாயக் கருவிகளையும், ஆண்டுதோறும் பூச்செடி, காய்கறி, பழ மரங்களின் விதைகளையும் அனுப்பச் சொல்லித்தான் கேட்டார்!

ஏழு ஆண்டுகள் அவர் பேச்சைக் கேட்டு ஒருவர்கூட அவருடைய சமயத்தில் சேரவில்லை. 1800ஆம் ஆண்டின் கடைசியில்தான் கிருஷ்ண பால் என்ற தச்சர் முதல் ஆளாகச் சேர்ந்தார். விதை போட்டு ஏழு ஆண்டு காத்திருப்பதென்றால் சும்மாவா, குழந்தைகளே? நாமெல்லாம் அவரை விதை போட்டுவிட்டு, மறுநாளே முளைத்துவிட்டதா என்று தோண்டிப் பார்க்கிறவர்கள் ஆயிற்றே!

ஐந்து ஏக்கர் ஆசை

1800ஆம் ஆண்டு ஜனவரியில் கேரி செராம்பூருக்குக் குடிவந்தார். கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள ஊர் அது. நம் தரங்கம்பாடியைப் போலவே அப்போது அதுவும் டென்மார்க்காரர்களின் கையில் இருந்தது. மார்ஷ்மன், வார்டு என்ற இரண்டு நண்பர்களோடு சேர்ந்து பள்ளிக்கூடங்களும் அச்சகமும் நடத்தினார். 1818இல் செராம்பூர் கல்லூரியைத் தொடங்கினார்கள். அந்தக் கல்லூரி இன்றும் இருக்கிறது.

கல்கத்தாவில் இருந்த வில்லியம் கோட்டைக் கல்லூரியில் கேரிக்கு வங்காளம், சமஸ்கிருதம், மராத்தி கற்பிக்கும் வேலையும் கிடைத்தது. நல்ல சம்பளம். அதில் பெரும்பகுதியைப் பொதுப் பணிக்கே கொடுத்துவிட்டார். நல்ல உடை, வீடு, வாசல் எதற்கும் அவர் ஆசைப்படவில்லை. ஒரே ஓர் ஆசைதான். அது தோட்டம்!

ஏறத்தாழ ஐந்து ஏக்கர் நிலத்தில் அவர் அந்தத் தோட்டத்தை உருவாக்கினார். லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் செடிகளை இனம் இனமாகப் பிரித்த முறைப்படியே பாத்திகளை அமைத்தார். மகோகனி மரங்களை வரிசையாக நட்டு நிழல் பாதை ஒன்றை உண்டாக்கினார். இமயமலையிலிருந்தும் தென்னாட்டிலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் விதைகள் வரும். தன்னிடம் உள்ளதை மற்றவர்களுக்கும் அனுப்பி வைப்பார்.

விடியற்காலையில் கேரியைத் தேடினால் அங்கேதான் இருப்பார். செடிகளுக்கு நடுவே நடந்தபடி ஜெபம் செய்வார். தோட்டக்காரர்களோடு பேசி, எது துளிர்த்தது, எது வாடியது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அதன் பிறகுதான் மொழிபெயர்ப்பு, அச்சகம், கல்லூரி எல்லாம். வேதாகமம் முழுவதையும் வங்காளம், சமஸ்கிருதம், மராத்தி, ஒரியா, இந்தி, அசாமி ஆகிய மொழிகளில் இந்தியப் பண்டிதர்களின் துணையோடு கொண்டுவந்தவர் அவர். மார்ஷ்மனோடு சேர்ந்து வால்மீகி ராமாயணத்தின் ஒரு பகுதியை ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்தார். இவ்வளவு வேலைக்கும் வேண்டிய தெம்பு அந்தக் காலை நேரத்தில்தான் கிடைத்தது.

ஒரு சமயம் இங்கிலாந்திலிருந்து விதைப் பை ஒன்று வந்தது. விதைகளை எடுத்துவிட்டு, பையில் ஒட்டியிருந்த மண்ணையும் வீணாக்காமல் நிழலான ஒரு மூலையில் உதறினார். சில நாள் கழித்துப் பார்த்தால் அங்கே ஏதோ முளைத்திருக்கிறது! அது டெய்சி என்னும் சின்னஞ்சிறு பூச்செடி. இங்கிலாந்தில் புல்வெளி எங்கும் தானாகப் பூக்கிற சாதாரணப் பூ அது. ஆனால் பிறந்த ஊரை விட்டு வந்து இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்ட கேரிக்கு அது சாதாரணப் பூவா? குழந்தைபோல மகிழ்ந்தார். வங்காளத்துக் கோடையில் அந்தச் செடி தாங்காது. அதனால் ஆண்டுதோறும் விதை எடுத்து, மறுபடி விதைத்து அதைக் காப்பாற்றினார்.

கல்கத்தா தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த ராக்ஸ்பர்க் என்ற அறிஞர் கேரியின் நண்பர். கொய்யா போலப் பச்சை நிறக் காய் காய்க்கும் ஒரு காட்டு மரத்தின் இனத்துக்குக் கேரியா என்றே அவர் பெயர் வைத்தார். நம் நாட்டுக் காடுகளில் அந்த மரம் இன்றும் பூக்கிறது. நண்பர் இறந்த பிறகு, இந்தியத் தாவரங்களைப் பற்றி அவர் எழுதி வைத்த பெரிய நூலைக் கேரிதான் பதிப்பித்தார். விவசாயிகளுக்கு உதவுவதற்காக 1820இல் கேரி தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் இன்றும் கல்கத்தாவில் இருக்கிறது.

நெருப்பும் வெள்ளமும்

1812ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி செராம்பூர் அச்சகத்தில் தீப்பிடித்தது. காகிதம், பல மொழி அச்சு எழுத்துகள், பல ஆண்டுகள் உழைத்து எழுதிய அகராதியின் கையெழுத்துப் படிகள் எல்லாம் சாம்பலாயின. மறுநாள் வந்து பார்த்த கேரி கண்ணீர்விட்டார். பிறகு உட்கார்ந்து முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார்.

அதைவிடக் கடுமையான சோதனை 1823 அக்டோபரில் வந்தது. கல்கத்தாவிலிருந்து இரவில் படகில் வந்து இறங்கும்போது கேரி வழுக்கி விழுந்தார். இடுப்பில் பலத்த அடி. கூடவே கடும் காய்ச்சல். பிழைப்பதே சந்தேகம் என்ற நிலை. படுக்கையில் கிடந்த அந்த நேரத்தில் தாமோதர் ஆறு கரை உடைத்தது. வெள்ளம் ஊருக்குள் புகுந்தது.

நம் பாலாறு எப்போதும் வறண்டு மணலாகத்தானே கிடக்கிறது என்று நினைக்காதீர்கள். 1903 நவம்பரில் அது பொங்கி வந்து வாணியம்பாடியை நாசமாக்கியது. 2021 நவம்பரிலும் இரு கரையும் தொட்டு ஓடியதை உங்கள் வீட்டில் பார்த்திருப்பார்கள். ஆறு பொங்கினால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள்.

செராம்பூரில் கேரியின் வீடே போயிற்று. அவரை வேறு இடத்துக்குத் தூக்கிச் சென்றார்கள். தோட்டத்தில் மூன்றடி உயரத்துக்குத் தண்ணீர் பல நாள் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் எங்கும் சேறு! இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒவ்வொரு விதையாகச் சேர்த்து வளர்த்த தோட்டம் கிட்டத்தட்ட முழுவதும் அழிந்துபோயிருந்தது.

அப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு. நடக்கவும் முடியாது. அவர் இடத்தில் நாமாக இருந்தால், போதும் சாமி என்று விட்டிருப்போம். கேரி விடவில்லை. ஊன்றுகோலை ஊன்றியபடி மறுபடியும் தோட்டத்துக்கு வந்தார். நண்பர்களுக்குக் கடிதம் எழுதி விதை கேட்டார். பாத்தி கட்டினார். தோட்டம் மீண்டும் பச்சைப் பிடித்தது!

வேலையா, ஜெபமா?

கேரிக்கு இந்த உறுதி எங்கிருந்து வந்தது? யோசித்துப் பாருங்கள். இயேசு சொன்ன கதைகளில் பல, தோட்டத்திலும் வயலிலும்தான் நடக்கின்றன. விதைப்பவர் வருகிறார். கடுகு விதை வருகிறது. கோதுமையோடு களையும் வளர்கிறது. காய்க்காத அத்தி மரத்தை வெட்டிவிடச் சொல்கிறார் முதலாளி. இன்னும் ஓர் ஆண்டு பொறுங்கள், கொத்திவிட்டு எரு போட்டுப் பார்க்கிறேன் என்று கெஞ்சுகிறார் தோட்டக்காரர். கேரி அந்தத் தோட்டக்காரரைப் போலவே வாழ்ந்தார்.

தோட்ட வேலையில் ஒரு விசேஷம் இருக்கிறது. அது ஒருநாளும் முடியாது. இன்று பெருக்கிய வாசலில் நாளை சருகு விழும். இன்று பிடுங்கிய கோரை அடுத்த வாரம் தலைநீட்டும். நம் மனமும் அப்படித்தான். நேற்றுப் பிடுங்கிப் போட்ட கோபமும் பொறாமையும் இன்று மறுபடி முளைத்திருக்கும். அதனால்தான் அன்றாடம் பெருக்க வேண்டும், அன்றாடம் களை எடுக்க வேண்டும். பக்தி உள்ளவர்கள் தினமும் ஜெபிப்பதும் இதற்காகத்தான். விதைப்பதும் தண்ணீர் விடுவதும் நம்முடைய வேலை. முளைக்க வைப்பது கடவுளின் வேலை. இதை நம்பியதால்தான் ஏழு ஆண்டு காத்திருக்கவும் வெள்ளத்துக்குப் பின் மண்வெட்டி எடுக்கவும் கேரியால் முடிந்தது.

வேலையே வழிபாடு என்பதற்கு இன்னொரு சம்பவமும் உண்டு. கணவன் இறந்தால் மனைவியையும் சிதையில் ஏற்றும் சதி என்ற கொடுமையைத் தடுக்கும்படி கேரி பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தார். ராஜா ராம்மோகன் ராய் போன்ற பெரியவர்களும் போராடினார்கள். 1829 டிசம்பரில் அரசு அதைத் தடை செய்து, ஆணையை வங்காளத்தில் மொழிபெயர்க்கக் கேரிக்கு அனுப்பியது. அது வந்து சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆலயத்தில் பிரசங்கம் செய்ய வேண்டிய நாள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் ஓர் உயிர் போகலாம் என்று எண்ணினார் கேரி. பிரசங்கத்துக்கு வேறொருவரை அனுப்பிவிட்டு, அன்று மாலைக்குள் மொழிபெயர்ப்பை முடித்துவிட்டார்!

கடைசி நாட்கள்

முதுமையில் கேரியால் நடக்க முடியவில்லை. சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார வைத்துத் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். அதுவும் முடியாமல் போனபோது, தலைமைத் தோட்டக்காரர் தினமும் கட்டிலருகே வந்து செடிகளின் சேதி சொல்லுவார். தான் போன பிறகு நண்பர் மார்ஷ்மன் தோட்டத்துக்குள் மாட்டை விட்டுவிடுவாரோ என்று வேடிக்கையாகக் கவலைப்பட்டாராம்!

1834ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் தேதி காலையில், எழுபத்திரண்டாம் வயதில் கேரி காலமானார். இந்தியாவுக்கு வந்த நாற்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் சொந்த நாடு திரும்பவில்லை. செராம்பூரிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். தன் கல்லறையில் புகழ்ச்சி எதுவும் எழுதக் கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்.

குழந்தைகளே, இப்போது அந்த ஐந்தாம் வகுப்புச் சிறுமிக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். மறுநாளே பெருக்கும் தண்டனையை நிறுத்தினேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். வேப்ப மரத்தடியைப் பெருக்கவும் செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் முறை வைத்து ஓர் அட்டவணை எழுதினேன். திங்கட்கிழமைக்கு நேரே முதல் பெயராக என் பெயரைத்தான் எழுதினேன். அதைப் பார்த்துவிட்டு அவள் துடைப்பத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். சருகை எங்கே குவிக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தாள்!

நாளைக் காலையில் உங்கள் வீட்டு வாசலை யார் பெருக்குகிறார்கள் என்று பாருங்கள். அம்மாவாக இருந்தால், ஒரு நாளாவது அந்தத் துடைப்பத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு செடியாவது நட்டு, தினமும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். வாடிப்போனால் இன்னொன்று நடுங்கள்.

நடுவீர்கள்தானே?